தேய்ப்புக்கடைத் தாத்தாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ தேறிவிட்டேன். கல்லூரிக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. மே 6ஆம் தேதி முடிவு வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வராதவர்களுக்கு இந்த மடல்.

2023 டிசம்பரில் நம் தூத்துக்குடி மாவட்டத்தில் வந்த வெள்ளத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்றால், ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளத் தெரு என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்துபோனது. பாத்திகள் சேறாகிக் கிடந்தன. அளத்தில் வேலை எப்போது தொடங்கும் என்று கங்காணிக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பஞ்சாலைக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் தரகர் தெருவுக்குள் வந்தார். தங்குமிடம், சாப்பாடு, முன்பணம். "நோட்டெல்லாம் போய்விட்டதே, இனி எதை வைத்துப் படிப்பாள்?" என்று உறவினர்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

பாடப்புத்தகங்களை அரசு புதிதாகத் தந்தது. சான்றிதழ்களுக்குச் சிறப்பு முகாம் போட்டார்கள். ஆனால் ஜூனிலிருந்து நானே எழுதிச் சேர்த்த குறிப்புகளுக்கு எந்த முகாமில் போய் நகல் கேட்பது? செய்முறை ரெக்கார்டு நோட்டும் அந்த ஈர மூட்டையில்தான் இருந்தது.

அந்த மூட்டையைத் தெருமுனைத் தேய்ப்புக்கடைத் தாத்தா வாங்கிக்கொண்டார். அப்போது அவருக்கும் பிழைப்பில்லை. துவைக்கவே நல்ல தண்ணீர் கிடைக்காத ஊரில் யார் தேய்க்கக் கொடுப்பார்கள்? அவருடைய தள்ளுவண்டியையே சேற்றிலிருந்து நிமிர்த்தி எடுத்திருந்தார்கள். கரி நனைந்துவிட்டதால் எங்கிருந்தோ காய்ந்த சிரட்டை தேடிக் கொண்டுவந்து எரித்துக் கங்கு எடுத்தார்.

முதலில் நோட்டின் தையலைப் பிரித்தார். ஒட்டிக்கிடந்த தாள்களை ஓரத்திலிருந்து ஊதி ஊதி விலக்கினார். கீழே ஒரு பழைய வேட்டித் துணி, மேலே ஒன்று, நடுவில் தாள். பெட்டியை அழுத்தவே இல்லை. எங்கேயும் நிறுத்தாமல் மேலாக ஓட்டினார். "பட்டுச் சேலைக்கு வைக்கிற சூடுதான் தாயி, பயப்படாதே" என்றார். பந்துமுனைப் பேனா எழுத்து அப்படியே நின்றது. ஸ்கெட்ச் பேனாவில் போட்ட தலைப்புகள் கரைந்து, பூவின் சூலகப் படம் முழுவதும் ரோஸ் நிறம் பரவிவிட்டது. நான் வரைந்ததைவிட அதுதான் அழகு.

தாள்கள் கலந்துவிடுமே என்று நான் தவித்தபோது, வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்க அவர் போடும் குறியையே ஒவ்வொரு தாளின் மூலையிலும் போட்டார். வேதியியலுக்குப் பெருக்கல் குறி, தாவரவியலுக்கு இரண்டு புள்ளி, விலங்கியலுக்கு ஒரு கொக்கி. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த ஆசிரியர் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு, "இது என்னம்மா குறி?" என்று கேட்டார். "சலவைக் குறி சார்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அம்மா காசு நீட்டியபோது தாத்தா முறைத்த முறைப்பு இருக்கிறதே! இதற்கு மேல் எழுதினால் என்னையும் முறைப்பார்.

படகோடு வந்த மீனவ அண்ணன்மார், வெளியூர்களிலிருந்து அரிசியும் சேலையும் நாப்கினும் அனுப்பிய முகம் தெரியாதவர்கள் (நாப்கின் அனுப்ப வேண்டும் என்று யோசித்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு), மாலையில் வகுப்பறையைத் திறந்து விளக்குப் போட்டுத் தந்த தலைமையாசிரியை, அம்மாவின் பங்கையும் சேர்த்துச் சுமந்த அளத்துப் பெரியம்மாக்கள், எல்லோருக்கும் நன்றி.

தரகரின் கணக்குக்கு எதிராக என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆலைச் சம்பளத்துக்கு முன்னால் அது சின்னத் தொகைதான். ஆனால் படிக்கிற பெண்ணின் பெயரில் வங்கிக்குப் பணம் வருகிறது என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. உறவினர்களின் வாய் அதில்தான் அடைத்தது.

எல்லோர் வீட்டிலும் அடைக்கவில்லை. என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் ஜனவரியில் ஆலைக்குப் போய்விட்டாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள். அவளுடைய நோட்டுகளும் நனைந்தவைதான், தேய்க்கக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவளைத் தேர்வு எழுதவைக்காமல் நான் விடுவதாக இல்லை, துணைத்தேர்வோ அடுத்த வருடமோ. விடுமுறையில் ஊருக்கு வரும்போது குறி போட்ட அந்தத் தாள்களை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவேன். அதுவரை மாடி வீட்டு டீச்சரின் பீரோவில் இருக்கும். கேட்டுவிட்டேன், சரி என்றார்.

இப்படிக்கு,
உப்பளத் தெரு மாணவி