புட்டிப்பாலுக்கு எந்தத் தண்ணீர்?

மார்ச் 23, 2011

டோக்கியோவில் கைக்குழந்தையோடு இருக்கும் தங்கைக்கு,

புகுஷிமா அணுமின் நிலைய விபத்தில் வெளியேறிய கதிரியக்க அயோடின்-131, டோக்கியோவுக்குக் குடிநீர் தரும் கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்கிறதாம். ஜப்பானில் கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100, பெரியவர்களுக்கு 300. அதனால் பால் பவுடர் கரைக்க மட்டும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். நீ குடிக்கலாம், சமைக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டலாம். தாய்ப்பால் கொடுக்கிறாய் என்றால் தயவுசெய்து நிறுத்தாதே.

கொதிக்கவைத்தால் அயோடின் போகாது. கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட, மிஞ்சியதில் அயோடினின் அளவு கூடவே செய்யும்.

பாட்டில் தண்ணீர் வாங்கும்போது லேபிளில் 'கோடோ' என்ற கடினத்தன்மையைப் பார். 100க்குக் கீழே இருக்கட்டும். எவியான் போன்ற இறக்குமதித் தண்ணீரில் அது 300 வரை போகும். அவ்வளவு தாது உப்பைப் பச்சைக்குழந்தையின் சிறுநீரகம் தாங்காது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நாளை முதல் டோக்கியோ அரசு 550 மில்லி பாட்டில் மூன்று தருகிறது. இரண்டு நாளுக்கு வரும், வாங்கிக்கொள்.

கடைகள் காலியாகி, எதுவுமே கிடைக்காமல் போனால்? பிள்ளையைத் தாகத்தில் விடாதே, குழாய்த் தண்ணீரிலேயே கரைத்துக் கொடு. நாளுக்கு 800 மில்லி குடித்தால் உள்ளே போவது 168 பெக்கரல். அதனால் அயோடின் போய்ச் சேரும் கழுத்துச் சுரப்பியான தைராய்டுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.6 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு). கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும் அயோடின் மாத்திரையை ஜப்பானில் கொடுக்கச் சொல்லும் அளவு 100 மில்லிசீவர்ட். நீர் வறட்சி இதைவிடப் பல மடங்கு ஆபத்து.

மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 130 மி.கி. பொட்டாசியம் அயோடைடு, ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு வெறும் 16. அளவு மிஞ்சினால் சிசுவின் தைராய்டு வேலையை நிறுத்திவிடும். வாய் கொப்பளிக்கும் அயோடின் மருந்தையும் விழுங்கக் கூடாது. ஊரிலிருந்து அம்மா அயோடின் உப்பு அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். நம்மூர் உப்பில் கிலோவுக்கு 15 மி.கி. அயோடின் என்று வைத்தால், ஒரு மாத்திரைக்கு ஈடாக ஆறரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். சீனாவில் போன வாரம் இதை நம்பித்தான் கடைகளில் உப்பைக் காலிசெய்தார்கள்.

டிவியில் பார்த்த புகுஷிமா வெடிப்புகள் அணுகுண்டு அல்ல. நிலநடுக்கத்தில் உலைகள் தாமாகவே நின்றன. ஆனால் நின்ற உலையின் எரிபொருளும் நாள்கணக்கில் சூடு விட்டுக்கொண்டே இருக்கும். வெளி மின்சாரம் போய், சுனாமியில் டீசல் ஜெனரேட்டர்களும் மூழ்கியதால் குளிர்விக்க வழியில்லை. எரிபொருளை மூடியிருந்த சிர்கோனியம் என்ற உலோக உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கியது. அதுதான் 12ஆம் தேதி முதல் உலைக் கட்டடத்திலும் 14ஆம் தேதி மூன்றாவதிலும் வெடித்தது. வெளியேறிய அயோடின் காற்றில் 200 கிலோமீட்டருக்கு மேல் வந்து, 21, 22ஆம் தேதி மழையோடு இறங்கி, கனமாச்சி நீர் எடுக்கும் எடோ ஆற்றில் கலந்தது.

அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். புதிதாக வந்து சேராவிட்டால் எண் இறங்கும். அரசு தினமும் அளந்து வெளியிடுகிறது. மழை பெய்த மறுநாள் கட்டாயம் பார். 100 பெக்கரலுக்குக் கீழே இரண்டு மூன்று நாள் நிலைத்து நின்றால் குழாய்த் தண்ணீருக்குத் திரும்பலாம். அப்போதும் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பவுடரைக் கரைத்து, ஆறவிட்டுக் கொடு.

அன்புடன்,
அக்கா