முதலில் கழுவு, பாலிஷ் அப்புறம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. என் மேசை முழுக்க இன்ஜின் பாகங்கள் பரந்து கிடந்தன. முந்தாநாள்தான் கடைசி போல்ட்டை முடுக்கினேன். இன்றைக்குத்தான் நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே பெரியவள் வேலையில் சேர்ந்து வெளியூர் போய்விட்டாள். மாலையில் வீடு அமைதியாக இருக்கிறது. அந்த நேரமெல்லாம் இப்போது காருக்குப் போகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பழைய காரை வாங்கிவிட்டேன், பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும், அதற்கு பஃப் மோட்டார், அதாவது துணிச் சக்கரம் சுழன்று பளபளப்பாக்கும் மெஷின், வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் மோட்டாரை இப்போதைக்கு வாங்காதே. முதல் ஒரு மாதம் வெறுமனே கழுவு. ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு இந்த முறை நடந்ததைக் கேள்.

மூன்று வருடமாக என் காரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது உனக்குத் தெரியும். ரேடியேட்டர் மூடி, ஹோஸ், கடைசியில் தண்ணீர் பம்பு வரைக்கும் மாற்றிப் பார்த்தேன். தரையில் ஒரு சொட்டுகூட விழாது, ஆனால் வாரத்துக்கு ஒரு டம்ளர் காணாமல் போகும். இந்த முறை தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை, அதாவது தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் அலுமினியக் கூட்டை, கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். எத்தனையோ வருடத்துப் பிசுக்கு அது. மறுநாள் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வைத்தேன். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு மயிரிழைக் கோடு. அதை ஒட்டி வெள்ளையாக உப்புப் படிந்த தடம். இன்ஜின் சூடேறி அழுத்தம் கூடும்போது அதன் வழியாக நீர் கசிந்து, சூட்டிலேயே ஆவியாகி, தரைக்கு வராமலே போயிருக்கிறது. மேலே அப்பியிருந்த கிரீஸ் அந்தத் தடத்தையும் மறைத்துவிட்டது.

நான் அதை முதலிலேயே பஃப் சக்கரத்தில் பிடித்திருந்தால் அந்தக் கோடு கண்ணுக்கே தெரிந்திருக்காது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். தேய்க்கும்போது மேல்தோல் இழுபட்டு, விரிசலின் வாயை மூடிவிடும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசல் அப்படியே இருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் கழுவிக் காயவைத்து, விளக்கின் கீழ் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்காமல் உப்புத்தாளைக் கையில் எடுப்பதில்லை.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தரையோடு படர்ந்து போய், தூரத்தில் இருக்கும் ஒரு பொறியில்கூடப் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் எரியக்கூடியதுதான், ஆகவே வெளியில், காற்றோட்டத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய். இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைத்திருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அந்த இடத்தை நனைத்துக்கொள். அந்தக் காலத்து கேஸ்கெட்டுகளிலும் கிளட்ச், பிரேக் தட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. காய்ந்த தூளாக அது நுரையீரலுக்குள் போகக் கூடாது. சுரண்டுவதற்கு பிளாஸ்டிக் தகடு வைத்துக்கொள். இரும்புக் கத்தி அலுமினியத்தில் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே எண்ணெய் கசியும்.

காஸ்டிக் சோடா பக்கமே போகாதே. இரும்புப் பாகத்தை அது நன்றாகச் சுத்தம் செய்யும் என்று நம்பி, போன வருடம் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரை, அது அலுமினியம் என்று யோசிக்காமல், ராத்திரி முழுக்க அந்தக் கரைசலில் போட்டுவைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் நுரைத்துக்கொண்டிருக்கிறது, கவர் கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். கலவையில் இருக்கும் சிலிக்கானும் செம்பும் கரையாமல் கருப்பாக மேலே நின்றுவிடும். அந்தக் கவரைத் தேற்ற எனக்கு ஒரு மாதம் பிடித்தது, போல்ட் ஓட்டைகளின் விளிம்பு இன்றைக்கும் மெலிந்துதான் இருக்கிறது. அடுப்பு கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இதே காரம் இருக்கிறது, புட்டியின் லேபிளைப் படித்துவிட்டு வாங்கு.

கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம். பல பழைய கார்புரேட்டர்களின் உடல் துத்தநாகக் கலவை. அதன் மேல் லேசான மஞ்சள் பூச்சு இருக்கும், அதுதான் அதற்குப் பாதுகாப்பு. பளபளப்பாக்குகிறேன் என்று அதை எடுத்துவிட்டால் கொஞ்ச நாளில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கார்புரேட்டரைக் கழுவுவதோடு நிறுத்திக்கொள். உள்ளே இருக்கும் பித்தளை ஜெட்டுகளில் கம்பியை விட்டுக் குடையாதே, ஓட்டையின் அளவு மாறினால் பெட்ரோலின் அளவும் மாறிவிடும். காற்றடித்தால் போதும். சில பழைய கார்களில் மெக்னீசியக் கலவையும் உண்டு; ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) அப்படிப்பட்டதுதான். மறைவான இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார், மெக்னீசியம் என்றால் உடனே குமிழ் விடும். அலுமினியத்தில் அப்படி வராது. மெக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் மோசமாகும். அதை மெஷினில் தேய்க்கவே வேண்டாம்.

இப்போது உப்புத்தாள். நண்பா, இதில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம் கிடைக்கிறது. வார்ப்பு அலுமினியத்தின் தோல் சொரசொரவென்று இருக்கும். அதன் ஆழமான குழிகள் போகும் அளவுக்குக் கரடான தாளில் ஆரம்பிக்க வேண்டும், அதற்கு மேல் கரடு வேண்டாம். என் கவருக்கு 180 நம்பரில் ஆரம்பித்தேன். பிறகு 240, 320, 400, 600, 800, 1000, கடைசியில் 1500. 320க்கு மேல் எல்லாம் வாட்டர் பேப்பர்தான், ஒரு சொட்டு சோப்புக் கலந்த தண்ணீரில் நனைத்து. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றினேன். 240ஐ நீளவாக்கில் தேய்த்தால் 320ஐக் குறுக்கே. முந்தைய கோடு ஒன்றுகூடத் தெரியாத வரைக்கும் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டினால், கடைசியில் பாலிஷ் போடும்போது அந்த 240இன் கீறல் எங்கிருந்தோ எழுந்து வரும், மறுபடி பின்னால் போக வேண்டும்.

எனக்குப் பெரிய உதவியாக இருந்தது ஒரு சாதாரண மார்க்கர் பேனா. ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் பரப்பு முழுக்கக் கிறுக்கிவிடுவேன். மை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது, இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணை நம்பியதைவிட இந்த மையை நம்பியதில் வேலை பாதியாகக் குறைந்தது. அப்புறம், தாளை மாற்றும்போதெல்லாம் பாகத்தையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றிவிடு. ஒரு 180 நம்பர் மணல்துகள் 800 நம்பர் தாளுக்கு அடியில் மாட்டினால் அரைநாள் உழைப்பு போச்சு.

எவ்வளவு தேய்த்தாலும் சில இடத்தில் ஊசிமுனை அளவு துளைகள் மிஞ்சும். வார்க்கும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழ்கள் அவை. இன்னும் தேய்த்தால் அவை போகாது, புதிதாகத்தான் திறக்கும். இது புரிவதற்குள் கவரின் ஒரு மூலையை நான் வீணாக மெலிய வைத்துவிட்டேன். அந்த இடத்தில் கையை எடுத்துவிடு.

1500க்குப் பிறகு துணியில் பாலிஷ் பேஸ்ட் தொட்டுத் தேய்த்தால் துணி கருப்பாகும். அழுக்கு வருகிறது, இன்னும் தேய்க்க வேண்டும் என்று நினைக்காதே. அந்தக் கருப்பு அலுமினியத்தின் பொடிதான். சுத்தமான அலுமினியத்திலும் அது வந்துகொண்டே இருக்கும். நிழல் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்.

அதற்கு மேலும் உனக்கு பஃப் மோட்டார் வேண்டும் என்றால் சரி, ஆனால் கவனம். நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்குப் பக்கத்தில் சுழலும் துணிச் சக்கரம் பாகத்தின் விளிம்பைப் பிடித்துவிட்டால் உன் வயிற்றை நோக்கித்தான் எறியும். சக்கரத்தின் நடுவுக்குக் கீழே பிடி, சக்கரம் விளிம்பை விட்டு வெளியே ஓடும் திசையில் பிடி. தொளதொளவென்ற சட்டைக் கையும் துணிக் கையுறையும் கூடாது. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத்துக்கு ஒரு சக்கரம், இரும்புக்கு வேறு சக்கரம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் பிறகு அங்கே துருப்புள்ளி வரும். அலுமினியத் தூள் கிடக்கும் இடத்தில் இரும்பைக் கிரைண்டரில் பிடிக்கவே பிடிக்காதே. பொறி பட்டால் அந்தத் தூள் எரியும், துருவும் கலந்திருந்தால் பயங்கரமாக எரியும்.

எதையெல்லாம் தொடக் கூடாது என்று கேட்டிருந்தாய். கேஸ்கெட் உட்காரும் முகங்களைத் தொடாதே. கையால் தேய்த்தால் நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமும் ஆகிவிடும். வார்ப்பில் பொறித்திருக்கும் எண்களையும் தொடாதே. அது எந்த இன்ஜின், எப்போது வார்த்தது என்பதற்கு அதுதான் சாட்சி. துணி மாதிரியான சொரசொரப்பு வட்டுகளைத் துளையும் கருவியில் மாட்டி கேஸ்கெட் பரப்பைச் சுத்தம் செய்கிறார்களே, அதையும் செய்யாதே. அதிலிருந்து உதிரும் அலுமினிய ஆக்சைடு துகள்கள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே இதைப் பற்றித் தன் மெக்கானிக்குகளை எச்சரித்து அறிக்கை அனுப்பியிருக்கிறது. டேப்பட் கவரை மணலடிக்கக் கொடுப்பதும் இதே ஆபத்துதான். கவருக்கு உள்ளே ரிவெட் அடித்த ஒரு தடுப்புத் தகடு இருக்கும். அதன் பின்னால் போன மணல் எவ்வளவு கழுவினாலும் முழுக்க வராது. இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் விழும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். உன் காரில் எது மின்னியது, எது மங்கலாகவே இருந்தது? 1948இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினின் கேம் கவர்கள் தொழிற்சாலையிலேயே பாலிஷ் போட்டு வந்தவை. அதை மின்ன வைப்பது அந்த இன்ஜினுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் உன்னுடையது போன்ற சாதாரணக் குடும்பக் காரில் மேனிஃபோல்டும் ஆல்டர்னேட்டர் உடலும் வார்த்த நிறத்திலேயே வந்திருக்கும். அந்தச் சாம்பல் நிறம் சுத்தமாக இருக்கும்போது எவ்வளவு அழகு தெரியுமா? நான் டேப்பட் கவரின் மேல்வரிகளை மட்டும் மின்ன வைத்து, நடுப் பள்ளங்களைக் கருப்பு பெயின்டிலேயே விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் கழுவியதோடு சரி.

துருப்பிடித்த சின்ன பிராக்கெட், கிளாம்ப் எல்லாம் வினிகரில் ஒரு ராத்திரி ஊறினால் போதும். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவு. ஹெட் போல்ட், கனெக்டிங் ராட் போல்ட் இவற்றை மட்டும் அமிலத்தில் போடாதே. கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் முடுக்கிய பிறகு, எதிர்பாராத நேரத்தில் முறியும்.

மினுமினுப்பு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டிருந்தாய். அலுமினியம் காற்றுப் பட்ட உடனேயே மேலே மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்ளும், ஈரமும் உப்பும் சேர்ந்தால் மங்கும். மெழுகு போடலாம், ஆனால் கார்னௌபா மெழுகு 82 முதல் 86 டிகிரியில் உருகிவிடும், டேப்பட் கவர் அந்தச் சூட்டுக்குச் சாதாரணமாகவே வரும். கிளியர் லாக்கர் அடித்தவர்களின் கவர்களைப் பார்த்தேன். ஒரு சின்னக் கீறலில் லாக்கர் உடைந்து, அதற்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன. அதைச் சரிசெய்ய லாக்கர் முழுவதையும் உரிக்க வேண்டும். நான் ஒன்றும் பூசவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணியும் பேஸ்ட்டுமாகப் பத்து நிமிடம்.

இரும்பு போல்ட்டுகளை அலுமினியத்தில் திருப்பிப் பூட்டும்போது மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ், அதாவது போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் கிரீஸ், கொஞ்சம் தடவு. முறுக்கு அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள், கிரீஸ் இருந்தால் அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். டேப்பட் கவர் போல்ட்டுகளை இறுக்கித் தள்ளாதே. கவர் வளைந்தால் தேய்த்த பலனெல்லாம் எண்ணெய்க் கசிவாகத் திரும்பி வரும்.

விரிசல் விட்ட ஹவுசிங்குக்குப் பதில் வேறொன்று போட்டுவிட்டேன். முந்தாநாளிலிருந்து தண்ணீர் மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன், இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

என்னிடம் மிச்சமிருக்கும் வாட்டர் பேப்பர்களை நம்பர் வாரியாகக் கட்டி உனக்கு அனுப்புகிறேன். நீ ஒன்றைக்கூடத் தேய்ப்பதற்கு முன்னால், உன் டேப்பட் கவரைக் கழுவி, உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அந்தத் தடுப்புத் தகடு ரிவெட்டா, ஸ்க்ரூவா என்று பார்க்க வேண்டும். ஸ்க்ரூவாக இருந்தால் கழற்றிவிடலாம், உன் வேலை பாதி சுலபம்.

அன்புடன்,
உன் நண்பன்