ஹோப்பியும் ஜமைக்காவும் ஒரே அட்டவணையிலா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஹோப்பி பழங்குடியினரையும் மேற்கிந்தியத் தீவு மக்களையும் 'பின்தங்கிய சமூகங்கள்' என்று ஒரே அட்டவணையில் போட்டிருந்தீர்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். நிலக்கரி என்றால் என் கண் அங்கேயே நின்றுவிடும்.

ஹோப்பிகளுக்குச் சொந்த ஊர் இருக்கிறது. ஒராய்பி கிராமம் பல நூறு ஆண்டுகளாகக் குடியிருப்பு. வீடு தாய்வழியில் இறங்குகிறது. சிக்கல் வரவில்தான். பிளாக் மேசா என்ற மேட்டுநிலத்தின் நிலக்கரியை 1966இல் குத்தகைக்கு விட்டார்கள். பழங்குடி நிர்வாகத்தின் வருமானத்தில் பெரும்பகுதி அதுவே ஆயிற்று. கரியைக் கூழாக்கிக் குழாயில் தள்ள நிலத்தடி நீரை வேறு உறிஞ்சினார்கள். மழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கிற வறண்ட பூமியில்! அந்தக் கரியை எரித்த அனல்மின் நிலையங்களில் 2005இல் ஒன்றும் 2019இல் இன்னொன்றும் மூடப்பட்டன. வரவும் போயிற்று.

மேற்கிந்தியர் கதை வேறு. பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் வாரிசுகள். அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது, அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் ஏற்றினார்கள். சென்னையில் கப்பலேறிய தமிழரும் அதில் உண்டு. நிலமில்லாதவர்கள் பிழைப்புக்கு லண்டன், நியூயார்க் போனார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் ஜமைக்காவில் பல வீட்டு அடுப்பு எரிகிறது. சடங்கும் வயலும் ஊரோடு பிணைத்திருக்கிற ஹோப்பிக்கு அந்த வழி அவ்வளவு சுலபமில்லை.

சரி, ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், அடுத்த முறை நிலமும் தண்ணீரும் யார் கையில் என்று இரண்டு பத்தி சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர்,
நெய்வேலி