பாலும் இல்லை, பிரட்டும் இல்லை

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். எனக்குப் பண உதவி எதுவும் தேவையில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நேற்றிரவு நீ பதறிக்கொண்டு அழைத்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் நான் திணறியதை நீ அழுகை என்று எடுத்துக்கொண்டாய் என்பது, தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பிள்ளைகளுடைய வாட்சாப் குழுவில் விடியற்காலையில் நான் எழுதியது இவ்வளவுதான்: "மழை. பால் இல்லை. பிரட்டும் இல்லை. எல்லாரும் படுங்கள்." உடனே கோலாலம்பூரிலிருந்து யாரோ ஒருவருடைய மருமகள் பால்மாவு வாங்கி வைத்துக்கொள்ளும்படி அறிவுரை சொன்னாள், இன்னொருவர் ஊரில் வெள்ளமா என்று கேட்டார். நீயோ, நானும் மனைவியும் பாலுக்கும் ரொட்டிக்கும் வழியில்லாமல் பட்டினியாகப் படுத்துவிட்டோம் என்றே முடிவுகட்டிவிட்டாய். கடைக்குப் போய் ரொட்டி என்று கேட்கிறவனே தவிர, நான் என்றைக்கடா பிரெட் என்று சொல்லியிருக்கிறேன்?

பிரட்டு என்பது, விடிவதற்கு முன் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் களத்தில் கூடி, பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கப்படுவது. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் நம் ஆட்களின் வாயில் அப்படி ஆகிவிட்டது. பால் என்பதும் பால்மரத்துப் பால்தான், ரப்பர் மரத்துப் பால். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு வெட்டத் தொடங்க வேண்டும். ஆனால் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டின் வழியே இறங்காமல் மரமெல்லாம் பரவி வழியும், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேர்கிற கொஞ்சமும் மழைத்தண்ணீரோடு கலந்து வீணாகும். ஆகவே விடியலில் மழை என்றால் பால்வெட்டு இல்லை, பிரட்டு இல்லை. நான் எழுதியது, ஆட்களை மேய்க்கும் பழைய தண்டல் லயத்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகும் அறிவிப்பு. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிழவர்களுக்கு அதை அனுப்பியதுதான் நகைச்சுவை.

இது உனக்குப் புரியாமல் போனதில் குற்றம் உன்னுடையது அன்று. 1969இல், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் கட்டாயம் என்றானபோது, உன் அப்பா உங்களையெல்லாம் அழைத்துக்கொண்டு பினாங்கில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறினார். உனக்கு அப்போது ஆறு வயது. தண்டல் வரும் நேரத்தில் நீ தூங்கிக்கொண்டிருந்திருப்பாய்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மழை நாளில் அம்மா வீட்டிலேயே இருப்பாள் என்பதால் எனக்குக் கொண்டாட்டம். ஆனால் நாட்கூலிக்காரிக்கு அன்று பேர் விழாது, கூலியும் கிடையாது. முந்தின இரவு கல்லில் தீட்டி வைத்த பால்வெட்டும் கத்தியைச் சாக்குத் துணியில் திரும்பச் சுற்றிக் கூரை இடுக்கில் செருகிவிட்டு, மளிகைக்கடைக் கணக்குப் புத்தகத்தை எடுத்து அடுப்பு வெளிச்சத்தில் அம்மா புரட்டுவாள். எழுத்து தெரியாதவள் அதில் என்ன பார்த்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால் நீ நினைத்தது முழுத் தவறும் இல்லை. அந்தக் காலத்தில் பால் இல்லாத நாள் பலவும் ரொட்டி இல்லாத நாள்தான்.

இப்போது அந்த மரங்களும் இல்லை. களம் இருந்த இடம் உட்பட எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. இருந்தாலும் விடியலில் மழைச் சத்தம் கேட்டால் என் மனைவி கண்ணைத் திறக்காமலே "பால் இல்லை, படுங்க" என்கிறாள். அதைத்தான் குழுவில் போட்டேன். விளக்கம் சொன்ன பிறகு ஒருவர் மட்டும் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினார், அதுவும் மரியாதைக்காக.

பணம் அனுப்பாதே. மனம் கேட்கவில்லை என்றால், கும்பகோணத்துக் காபித்தூள் அரைக் கிலோ அனுப்பு. பால் இங்கே கடையில் கிடைக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரன்