ஹூஸ்டனில் டீச்சராகப் போகும் மகளுக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணு,

டெக்சாஸில் இங்கிலீஷ் டீச்சராவதற்கான பாடத் தேர்வில் பாஸாகிவிட்டாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னதுமே உன் அம்மா மைசூர்பாகு வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். எனக்கு ரொம்பப் பெருமை. வாசிப்பு கற்பிக்கிற தேர்வு ஒன்று பாக்கி என்றாயே, அதையும் முடித்துவிடுவாய்.

பி.எட். இல்லாமல் எப்படி வகுப்பில் விடுகிறார்கள் என்று இங்கே பலர் கேட்கிறார்கள். நம்மூரில் இரண்டு வருஷ பி.எட்., அப்புறம் ஆறு முதல் எட்டு வரை எடுக்கத் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். டெக்சாஸிலோ டிகிரியும் தேவையான தேர்வுகளும் கொஞ்சம் பயிற்சியும் இருந்தால், ஒரு வருஷத்துக்கு இன்டர்ன் சான்றிதழ் கொடுத்து, சம்பளத்தோடு வகுப்பை ஒப்படைத்துவிடுகிறார்கள். நான் இதை மட்டமாக நினைக்கவில்லை. ஆபீஸில் வேலை பார்த்து, பிள்ளையும் வளர்த்துவிட்டு வருகிறவளுக்கு நிதானம் இருக்கும்.

ஆனால் பி.எட்.டில் எங்களுக்குக் கிடைத்த ஒன்று உன் வழியில் குறைவு. பின்பெஞ்சில் உட்கார்ந்து இன்னொருவர் பாடம் நடத்துவதைப் பார்க்கிற காலம். அதை நீயாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். கான்ஃபரன்ஸ் பீரியட் என்று ஓய்வு வேளை இருக்குமே, வாரத்தில் ஒரு தடவையாவது அந்த நேரத்தில் உன் மென்டர், அதாவது உனக்கு வழிகாட்டுகிற மூத்த டீச்சர், வகுப்பில் போய் உட்கார். பாடத்தைப் பார்க்காதே, நடத்துகிறவரைப் பார். பேச்சை எங்கே நிறுத்துகிறார், பதில் சொல்லாத பிள்ளைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், சத்தம் கூடினால் என்ன செய்கிறார், இதெல்லாம் ஆன்லைன் பயிற்சியில் வராது.

இன்னொன்று, கட்டுரைத் தாள். என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். "மழை வந்துச்சு நாங்க ஓடினோம் ஆடு நனைஞ்சுச்சு ஆயா திட்டுச்சு" என்று பக்கம் முழுக்க ஒரே ஓட்டமாக எழுதுவான், ஒரு புள்ளி இருக்காது. அதில் சிவப்பு மையைத் தொடவே இல்லை. பக்கத்தில் நிறுத்தி, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் அவனே பென்சிலால் கோடு போட்டான். அப்புறம்தான் "வந்துச்சு" "திட்டுச்சு" மாதிரிப் பேச்சு வார்த்தைகளைத் திருத்த வந்தோம், அதுவும் அடுத்த மாசம். உன் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷிலும் இப்படித்தான் எழுதுவார்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அங்கே நிறைய என்றாயே, அவர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒரு தாளில் ஒரு தப்பை மட்டும் பிடி. எல்லாவற்றையும் சுழித்துக் கொடுத்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை மூன்று வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

நீ பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுத எத்தனை தடவை அடித்து எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் எங்கே முழிப்பார்கள் என்பது உனக்குச் சொல்லாமலே புரியும். உன் உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்படாதே.

ஸ்டார் என்கிற டெக்சாஸ் மாநிலத் தேர்வில் 2023 முதல் வாசிப்போடு எழுத்தும் எல்லா வகுப்புக்கும் சேர்ந்துவிட்டது. அந்த நெருக்கடி வசந்த காலத்தில் வரும். ஆகஸ்டிலேயே மாதிரித் தாள்களை எடுத்து நீட்டாதே, முதல் மாசம் கதை படித்துக் காட்டு. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் கேட்காத மாதிரி நடிப்பார்கள், ஆனால் கதை நின்றால் "அப்புறம்?" என்பார்கள்.

சாப்பாட்டை விட்டுவிடாதே. தாள் திருத்துகிற ராத்திரிகளில் மாப்பிள்ளை சமைக்கட்டும், நான் சொன்னேன் என்று சொல். பிரின்சிபாலிடம் மென்டர் யார் என்று இந்த வாரமே கேட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அதைத்தான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா