கண்ணாடிக் குதிரையும் கரண்ட் பில்லும்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான். வேறு சாக்குச் சொன்னால் நீ நம்பப்போவதில்லை. மகள் வேலை மாறி அமெரிக்காவில் செயின்ட் லூயிஸுக்கு வந்துவிட்டாள். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து இரண்டு மாதமாகிறது. பேரன் ஆங்கிலத்தில் கோபித்துக்கொண்டு தமிழில் சமாதானமாகிறான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மொட்டை மாடியில் வடாம் போட்டதாகவும் எழுதியிருக்கிறாயே!

செயின்ட் லூயிஸ் என்றதும் உனக்கும் ஏதாவது தட்டியிருக்க வேண்டும். கல்லூரி மூன்றாம் வருடத்தில் படித்தோமே, டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'தி கிளாஸ் மெனாஜரி' (கண்ணாடி மிருகக் கூட்டம்) நாடகம், அதில் வரும் குடும்பம் குடியிருப்பது இந்த ஊர்ச் சந்து ஒன்றில்தான். போன சனிக்கிழமை இங்கே ஒரு சின்ன அரங்கில் அதைப் போட்டார்கள். போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது.

இதில் மாயையும் நிஜமும் பற்றி வந்த பத்து மதிப்பெண் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? அம்மா அமாண்டா, ஒரே ஞாயிற்றுக்கிழமை தன்னைத் தேடி 17 வாலிபர்கள் வந்த பழைய பெருமையில் வாழ்கிறாள். மகன் டாம் ராத்திரியானால் சினிமாவுக்கு ஓடுகிறான். லேசாகக் கால் ஊனமான மகள் லாரா கண்ணாடிப் பொம்மைகளோடு இருக்கிறாள். ஆக மூவரும் நிஜத்தைப் பார்க்க மறுப்பவர்கள் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினோம். அந்தப் பதில் தப்பு, சரசு. மூன்று பேரையும் ஒரே தராசில் வைத்துவிட்டோம்.

அந்த அம்மாவைப் பார்த்து அன்று நாம் எவ்வளவு சிரித்தோம்! இப்போது பார்த்தால் அந்த வீட்டில் கணக்குப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். புருஷன் டெலிபோன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். சுவரில் படம் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறது. பொருளாதார மந்த காலம். மகனுக்குச் செருப்புக் கிடங்கில் மாதம் 65 டாலர். இவள் ஒவ்வொருத்தியாக போன் போட்டுப் பத்திரிகைச் சந்தா பிடிக்கிறாள். கல்யாணமும் ஆகாமல் வேலையும் இல்லாத பெண், அண்ணன் தம்பி வீட்டில் வேண்டாத சோறு தின்று காலம் தள்ளுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்த பயத்தில்தான் லாராவை டைப்பிங் படிக்க அனுப்புகிறாள். நிஜம் தெரியாதவளா இவள்? நிஜம் கழுத்துவரை வந்த பிறகுதான் அந்தப் பதினேழு பேரைச் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிடுகிறாள்.

டாமோ, ஆரம்பத்திலேயே பார்வையாளர்களிடம் வந்து, தான் மாயையின் வேஷத்தில் உண்மையைத் தருகிறவன் என்கிறான். அப்படிப்பட்டவன் கப்பலேறிப் போய்விடும் கனவில், கரண்ட் பில்லுக்கு வைத்த காசை எடுத்துக் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறான். விருந்தாளி வந்த அன்று வீடு இருட்டாகிறது. யாருடைய கனவுக்கு யார் இருட்டில் உட்காருகிறார்கள், பார்!

லாராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டைப்பிங் வகுப்பில் முதல் வேகத் தேர்வன்றே கை நடுங்கி, வாந்தியெடுத்து, அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. அம்மாவிடம் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குளிரில் பார்க்கில் நடக்கிறாள், மிருகக்காட்சி சாலைக்குப் போகிறாள், வெப்பநாட்டுச் செடிகள் வளர்க்கும் 'ஜூவல் பாக்ஸ்' என்ற கூடத்துக்குப் போகிறாள். அது நிஜமான இடம்! ஃபாரஸ்ட் பார்க்கில் இருக்கிறது, 1936இல் திறந்தது. பேரனை அழைத்துக்கொண்டு போனேன். வெளியே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். கதவைத் திறந்தால் நம் ஊர் போல வெதுவெதுப்பு, ஈர மண் வாசனை. சுற்றிலும் உயர உயரமாகக் கண்ணாடி. அலமாரியில் கண்ணாடிக் குதிரை வைத்திருந்த பெண், பகலெல்லாம் தானே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து நின்றிருக்கிறாள். படித்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. அரை மணி நேரம் அங்கிருந்து நகர மனம் வரவில்லை, பேரன் சிணுங்கியும்.

அந்த விருந்தாளி ஜிம், லாராவுக்குப் பார்க்கும் மாப்பிள்ளையாகச் சாப்பிட வரும் காட்சியில் எனக்கு நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம்தான் ஞாபகம் வந்தது. என்ன ஒன்று, நம் ஊரில் மாப்பிள்ளைக்காவது விஷயம் தெரிந்திருக்கும். இவன் பாவம், கூட வேலை பார்க்கிறவன் கூப்பிட்டானே என்று வந்தவன். பள்ளியில் ஹீரோ, இப்போது அதே கிடங்கில் குமாஸ்தா. மேடைப் பேச்சு கற்றுக்கொண்டு, டெலிவிஷன் வந்தால் தான் எங்கேயோ போய்விடலாம் என்று நம்புகிறான். இதுவும் கனவுதானே? ஊர் ஒப்புக்கொண்ட கனவு, அதனால் அதற்கு யாரும் மாயை என்று பெயர் வைப்பதில்லை.

அவனோடு லாரா ஆடும்போது அவளுடைய ஒற்றைக் கொம்புக் கண்ணாடிக் குதிரை விழுந்து கொம்பு உடைகிறதே, அந்த இடத்தில் அவள் அழவில்லை. இனி இதுவும் மற்றக் குதிரைகள் மாதிரிதான் என்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் தனக்கு வேறொரு பெண்ணோடு நிச்சயமாகிவிட்டது என்கிறான். அந்த உடைந்த குதிரையை அவன் கையிலேயே வைத்துவிடுகிறாள். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த வீட்டில் நிஜத்தை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்து வில்லியம்ஸைப் பற்றிப் படித்தேன். இவருடைய இயற்பெயரும் டாம்தான். அப்பா செருப்புக் கம்பெனியில் வேலை; இவரும் அங்கே கொஞ்ச காலம் மாரடித்திருக்கிறார். அக்கா ரோஸுக்கு மனநோய். 1943இல் அவள் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்கப்புறம் அவளால் தனியாக வாழவே முடியவில்லை. 1944 டிசம்பரில் நாடகம் சிகாகோவில் மேடையேறியது. முதலில் கூட்டமில்லை, ஊர் விமர்சகர்கள் விடாமல் எழுதித்தான் காப்பாற்றினார்கள். 1945 மார்ச்சில் நியூயார்க் போய் 563 காட்சிகள் ஓடியது. வருமானத்தில் பாதியை அம்மா பெயருக்கு எழுதிவைத்தார். நாடகத்து டாம் வீட்டை விட்டு ஓடிவிடுகிறான். இவரோ 1983இல் சாகும்வரை ரோஸைப் பார்த்துக்கொண்டார், தனக்குப் பின்னாலும் அவளுக்குக் குறையில்லாமல் ஏற்பாடு செய்திருந்தார். அவள் 1996 வரை இருந்தாள். அக்காவின் நோயை மேடையில் ஒரு கால் ஊனமாகக் குறைத்தாரே, அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்கும் அவ்வளவுதான் பார்க்க முடிந்தது போல.

சரி, ரொம்ப அளந்துவிட்டேன். ஏப்ரலில் ஊருக்கு வருகிறேன். நம் பழைய பாடப்புத்தகம் உன் பரணில்தான் இருக்கும். நீ ஏறாதே, யாரையாவது விட்டு எடு. அமாண்டா பேசும் பக்கங்களின் ஓரத்தில் நான் பென்சிலால் என்னென்னவோ எழுதியிருப்பேன். நான் வருவதற்குள் அதையெல்லாம் அழித்து வை.

அன்புடன்,
உன் மீனாட்சி