புல்டாக் தலையாட்டினால் வலிப்புதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் செல்லப்பிராணி பக்கத்தில், தன் புல்டாக் திடீர் திடீரென்று தலையை ஆட்டுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். “இது வலிப்பு, தாமதிக்காமல் மாத்திரை தொடங்குங்கள்” என்று உங்கள் நிபுணர் முடித்துவிட்டார். நாய் அப்போது விழித்திருந்ததா, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்ததா, ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ராசிபலன்காரர்கூட இவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

எங்கள் குண்டனும் இங்கிலீஷ் புல்டாக்தான். ஒரு மத்தியானம் சும்மா படுத்திருந்தவன் பூம்பூம் மாடு போலத் தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தான். கண் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா வேப்பிலையோடு வந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பத்திரிகை நடத்தவில்லை. நாங்கள் போன டாக்டரும் உங்கள் நிபுணர் மாதிரியே, தொட்டுக்கூடப் பார்க்காமல் ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையை எழுதினார். அப்புறம் குண்டன் நாளெல்லாம் தூக்கம். எழுந்தால் சோறு, சோற்றுக்குப் பிறகு குடம் குடமாகத் தண்ணீர், அதன் பிறகு ஹாலெல்லாம் மூத்திரம். தலையாட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரலாம். வேறொரு டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவித்தார்.

புல்டாக், பாக்ஸர், டாபர்மேன் நாய்களுக்கு இளம் வயதில் இப்படி வருவதுண்டு என்று விளக்கியவரும் அவர்தான். காரணம் இன்னும் பிடிபடவில்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ பிஸ்கட்டை நீட்டினாலோ பாதியிலேயே நிற்பதும் உண்டு. பெரிய வலிப்பென்றால் நாய் நினைவு தப்பிச் சரியும், கால்கள் விறைத்து உதைக்கும், வாயில் எச்சில் வழியும், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆள் அடையாளம் தெரியாமல் திரியும். அப்படிக் கிடக்கும் நாய் பிஸ்கட் வாங்கித் தின்னுமா, ஐயா? காதில் சீழ், கழுத்து வலி, பால் கொடுக்கும் தாய்நாய்க்குக் கால்சியம் குறைவது, தடுப்பூசி போடாத நாய்க்கு டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் எல்லாம் இல்லையென்று பார்க்க வேண்டும்தான். பார்ப்பதற்கு நாய் எதிரில் இருக்க வேண்டுமே!

புல்டாக் விஷயத்தில் உங்கள் பத்திரிகைக்கு எப்போதும் அலட்சியம்தான். 2024 மார்ச்சில் ஆபத்தானவை என்று 23 நாய் இனங்களைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியபோது, பட்டியலில் இருந்தது அமெரிக்கன் புல்டாக். நீங்கள் போட்ட படம் இங்கிலீஷ் புல்டாக். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் குண்டனைப் பார்த்து எங்கள் தெருவில் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அப்போது நான் எழுதிய கடிதம் உங்கள் குப்பைக்கூடைக்குப் பிடித்திருந்தது போலும். மூக்கு சப்பையான நாய்களுக்குக் கோடை வெயில் எவ்வளவு ஆபத்து என்று எழுதுங்கள் என்றேன். நாய் ஸ்வெட்டர் பற்றி முழுப்பக்கம் வந்தது. மகிழ்ச்சி.

சரி, அந்த வாசகருக்காக ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். அடுத்த முறை தலை ஆடும்போது செல்போனில் வீடியோ எடுத்து, நாயோடு நேரில் போய் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்களை நம்பி மாத்திரையைத் தொடங்கியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவைப் புதுப்பிக்காத வாசகி,
கோயம்புத்தூர்